பெங்காலி பேசும் ஊரில் சைகைக்கு ஆள் இல்லை

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குடியாத்தத்தில் இருக்கிறாள். போன மாதம் அடிவயிற்று வலி என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் பொறுமையானவர்தான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்களுக்கு எத்தனை நாளா வலி?" என்று என்னைக் கேட்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாமே என்னிடம்தான். அப்புறம் "பீரியட்ஸ் சரியா வருதா?" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தம்பி நான், 44 வயது அக்காவிடம் அதை எந்தச் சைகையில் கேட்பது? வீட்டில் பழகின சைகையில் சோறு, பஸ், காசு, கோபம் எல்லாம் உண்டு, இதற்கு இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்துகொண்டு, எல்லாம் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். டாக்டரும் எழுதிக்கொண்டார். 11 நாளாக ரத்தப்போக்கு நிற்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவியிடம்தான் சொன்னாள்.

காது கேளாதவர் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரம் அது எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்பதற்காக ஆட்டுவது.

உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களே என்பார்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், க, ங எல்லாம் உதட்டில் தெரியவே தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று "பாலை எடுங்க", "மாலை எடுங்க" என்று சத்தமில்லாமல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இதில் முகக்கவசம் வேறு, கண் கம்ப்யூட்டரில் வேறு. எழுதிக் காட்டலாம், சரி. ஆனால் சைகைமொழிக்கு இலக்கணமே தனி. அதில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி, நீளமாக எழுதினால் தடுமாறுவார்கள்.

சி.டி. ஸ்கேனில் அக்காவை உள்ளே படுக்க வைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு ஸ்பீக்கரில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்கள். யார் காதுக்கு? படம் ஆடிப்போய் மறுபடி எடுத்தார்கள். மூச்சைப் பிடிக்க விளக்கு எரிந்து காட்டுகிற மெஷின்களும் இருக்கின்றன. அது இல்லாவிட்டாலும், முன்னாடியே செய்துகாட்டி ஒரு அடையாளம் பேசிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும்.

என் ஆதங்கம் இதுதான். காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள், லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எங்கும் பெங்காலி போர்டு. கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக இந்த ஊர் பெங்காலி கற்றுக்கொண்டது, இந்தி கற்றுக்கொண்டது. அது நல்ல விஷயம், பெருமையாகவே சொல்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்துக் குடியாத்தத்திலிருந்து வருகிறவளுக்குச் சைகை தெரிந்த ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியையும் தகவல் தொடர்பு முறை என்றுதான் சொல்கிறது. 2021-ல் வந்த இந்திய சைகைமொழி அகராதியில் 10,000 சொற்கள், மருத்துவச் சொற்களும் சேர்த்து. வீடியோவாகவே பார்க்கலாம்.

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். அக்கா இந்தத் தடவை ஒரு நோட்டு கொண்டுவருகிறாள். சொன்னது அவள், எழுதிக்கொடுத்தது என் மனைவி. முதல் பக்கத்தில், "எனக்குக் காது கேட்காது. என்னைப் பார்த்துக் கேளுங்கள். சின்னச் சின்ன வரியாக எழுதினால் படிப்பேன்." அடுத்த பக்கத்தில் ரத்தப்போக்கு விவரம், தேதியோடு. அதற்கு மேலே, கோடு போட்டு: "இதைப் பேசும்போது தம்பி வெளியே இருக்கட்டும்."