ஆண்டிப்பட்டி கணவாயில் ஜெனரேட்டரோடு

தேனியில் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து ஜெனரேட்டர் டிரெய்லரை என் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஸ்யூவியில் இழுத்துப் போனேன். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். வெறும் வண்டியாக லிட்டருக்கு 12 கொடுப்பது, அன்றைக்கு 7தான்.

உசிலம்பட்டி வரை சிரமமே தெரியவில்லை. ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் திணறியது. மூன்றுக்கு இறக்கி, இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் வைத்ததும் சீராக ஏறிவிட்டது. டீசலில் பழகிய கால் இங்கேதான் தடுமாறும். பெட்ரோல் வண்டியைத் தாழ்ந்த சுற்றில் மிதித்தால் இழுவை வராது. இறக்கத்திலும் அதே மூன்றாவது கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் வேகம். 80லிருந்து 60க்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். திரும்பும்போது 60இலேயே வந்தேன், 8.5 கிடைத்தது.