நடிகர் படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

டிசைன் படிக்க விரும்பும் பிளஸ் டூ பிள்ளைகள் சிலர் தங்கள் போர்ட்ஃபோலியோவை, அதாவது தாங்கள் வரைந்தவற்றின் தொகுப்பை, என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே பென்சில் ஷேடிங்கில் ஒரு நடிகர் இருப்பார். அச்சு அசலாக இருக்கும், உழைப்பும் தெரியும். ஆனால் வரைந்த பிள்ளை எதைக் கவனிக்கிறது, எப்படி யோசிக்கிறது என்று அதில் தெரியாது. நேர்காணலில் உட்காருபவர்கள் தேடுவதோ அதைத்தான்.

போன வருடம் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அழகான இயற்கைக் காட்சிகளாக அடுக்கியிருந்தாள். "வேற எதுவும் வரையலையாம்மா?" என்றேன். "ரஃப் நோட்டு இருக்குக்கா, அது நல்லா இருக்காது" என்று தயங்கித் தயங்கி எடுத்தாள். உள்ளே அவள் பாட்டி பூக்கட்டும் கைகள். இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு. வாழைநார் எந்த விரலைச் சுற்றி வருகிறது, முடிச்சு எங்கே இறுகுகிறது என்று படிப்படியாக ஆறு படங்கள். ஓரத்தில், 'மத்தியானத்துக்கு மேல் பாட்டிக்குக் கழுத்து வலி' என்று எழுதி, பலகையை எவ்வளவு உயர்த்தினால் குனிய வேண்டாம் என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்திருந்தாள். இரண்டை அடித்தும் இருந்தாள். அடித்ததோடு சேர்த்து அதையே முதலில் வைக்கச் சொன்னேன்.

இது நானாகச் சொல்வதல்ல. 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பைத்தான் எடுத்துப் பேசினார்கள். இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது என்ன ஆகும் என்று கேள்வி கேள்வியாகப் போகும் அது. அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID) உருவாக வழிவகுத்தது அந்த அறிக்கைதான். அந்தக் கேள்விகளை உங்கள் வீட்டு இட்லிப் பானையிடம் கேட்டு வரைந்து பாருங்கள், ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும்.

இன்னொன்று, எல்லா இடத்திலும் போர்ட்ஃபோலியோ கேட்க மாட்டார்கள். இளநிலை டிசைன் படிப்புக்கு ஐஐடி பம்பாய் நடத்தும் நுழைவுத் தேர்வான யூசீடில் (UCEED) கணினித் தேர்வோடு தாளில் வரையும் பகுதியும் உண்டு. என்ஐடிக்கு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். போர்ட்ஃபோலியோ அதிகம் தேவைப்படுவது தனியார் கல்லூரிகளிலும் முதுநிலை நேர்காணல்களிலும்தான். விதிகள் மாறும் என்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

ஃபேஷன் படிப்புகளுக்கான தேசிய நிறுவனமான நிஃப்டின் (NIFT) சிச்சுவேஷன் டெஸ்ட்டில் கொடுக்கும் பொருட்களை வைத்து மாடல் செய்ய வேண்டும். அதற்கு வரைந்து மட்டும் பழகினால் போதாது. சார்ட் பேப்பர், நூல், ஐஸ் குச்சி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துச் செய்து பழகுங்கள். பசை காயவும் நேரம் விடுங்கள். மாடல் சாயாமல் தானாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அலங்காரத்துக்குப் போகலாம்.