கூரையில்லாத தேவாலயம்

லிஸ்பனில் இரண்டாம் நாள். கார்மோ தேவாலயத்துக்குள் நிற்கிறேன். அண்ணாந்து பார்த்தால் கூரை இல்லை, வானம்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் விழுந்த கூரை அது. கல்வளைவுகள் மட்டும் மீன்முள் போல நிற்கின்றன. திரும்பக் கட்டத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். நல்லவேளை!

கீழே பைஷா பகுதி இதற்கு நேர்மாறு. நிலநடுக்கத்துக்குப் பின் அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு நூல் பிடித்தாற்போல் போடவைத்த தெருக்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலைச் சொல்லும் பெயர்கள். பழைய கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு ஒளிந்திருக்கிறது, அடுத்த குலுக்கலைத் தாங்க. அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை அணிநடை போடவைத்துச் சோதித்தார்களாம்.

தெரு முடிந்தால் தேஜோ ஆற்றங்கரை. அங்கிருப்பது வர்த்தகச் சதுக்கம் என்று பலகை சொல்கிறது. ஊர்க்காரர்களோ இன்றும் ‘அரண்மனைத் திடல்’ என்கிறார்கள். அரண்மனை இடிந்து 270 ஆண்டுகள் ஆகின்றன!

ரொசியு சதுக்கத்தின் கறுப்பு வெள்ளை அலைக்கல் தளம் கொள்ளை அழகு. மழைத்தூறலில் வழுக்கும். என் முழங்கால் சாட்சி.