பவர்ஸ்லேவின் கடைசி ஒரு நிமிடம்

போன ஞாயிறு மாலை வெள்ளவத்தையில், ரயில் பாதையைத் தாண்டிக் கடலோரக் கற்களில் உட்கார்ந்து, நானும் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் என் நண்பனும் இருபது வருடமாகப் பிடிக்கும் அதே சண்டையை மறுபடி பிடித்தோம். இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு அயன் மெய்டனின் லைவ் அல்பங்களில், அதாவது மேடையில் வாசிக்கும்போதே பதிந்தவற்றில், எது பெரியது? எனக்கு 1985இல் வந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’. அவனுக்கு 2002இல் வந்த ‘ரொக் இன் ரியோ’. இரண்டு பேரும் இம்மியும் அசையவில்லை. நடுவில் ஒரு ரயில் வந்து பேச்சை மறித்தது, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வந்துகொண்டே இருந்தன, அதுதான் எழுதுகிறேன்.

என் கைக்கு முதலில் வந்தது கசெட். அப்போது காலி வீதியில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடைகள் இருந்தன. வெற்றுக் கசெட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். 90 நிமிடக் கசெட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம். சர்ச்சிலின் உரையில் தொடங்கி, அது முடியும் கையோடு ‘ஏசஸ் ஹை’ பாய்ந்து வந்து, ‘த ட்ரூப்பர்’, ‘ரெவலேஷன்ஸ்’ எல்லாம் போய், 13 நிமிடத்து ‘ரைம் ஒஃப் த ஏன்ஷன்ட் மரினர்’ முடிந்து, ‘பவர்ஸ்லேவ்’ தொடங்கும்போது நாடாவில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். பாட்டு ஏழு நிமிடம். கடைசி ஒரு நிமிடத்துக்கு இடமில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டக் என்று பிளேயரின் பொத்தான் மேலே எழும்பிவிடும். பல வருடம் எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் முடிந்தது. இன்றைக்கும் போனில் கேட்கும்போது அந்த இடம் வந்தால் காது அந்த ‘டக்’கைத் தேடும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது, எங்களுக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரர் பதிந்தது அந்தக் காலத்து ஒற்றைச் சீடியிலிருந்து. முதலில் வந்த இசைத்தட்டு இரண்டு தட்டு, நான்கு பக்கம். மூன்று பக்கம் 1985 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லோங் பீச் அரங்கில் பதிந்தது. நான்காவது பக்கத்து ஐந்து பாட்டும் 1984 ஒக்டோபரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் பதிந்தது. ஒற்றைச் சீடியில் அந்த ஐந்துக்கும் இடம் கொடுக்கவில்லை. 1998இல் இரண்டு சீடியாக மறுபடி வெளியிட்டபோதுதான் அவை திரும்பி வந்தன. ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தந்த அன்றுதான் ‘ஃபண்டம் ஒஃப் த ஒப்பெரா’வை மேடையில் வாசித்ததாக முதன்முதல் கேட்டேன். லோங் பீச் பெரிய அரங்கு, சத்தம் தூரப் போய்த் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். ஹாமர்ஸ்மித் தியேட்டர்தானே, சுவர்கள் கிட்ட இருக்கிற மாதிரிக் கேட்கும். ட்ரம்ஸ் அடி காதுக்குப் பக்கத்தில் விழும். ஒரே அல்பத்துக்குள் இரண்டு விதமான காற்று.

நான் இதைத் தலையில் தூக்கி வைப்பதற்குக் காரணம் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார். அவர் பிக் என்கிற சின்னத் தகட்டைப் பிடிக்காமல் விரலால் வாசிப்பவர், அந்த விரல் அடியில் கம்பி கட்டையில் தட்டுப்படும் ‘கடக் கடக்’ இதில் அப்படியே இருக்கிறது. ‘ரைம்’ பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் முனகுகிற சத்தமும் பேஸும் மட்டும் மிஞ்சுமே, அந்த இடத்தை இரவு எல்லாரும் படுத்த பிறகு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் தனியாக விழுவது கேட்கும். தயாரித்தவர் மார்ட்டின் பர்ச். டீப் பேர்ப்பிள் குழு 1972இல் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்த ‘மேட் இன் ஜப்பான்’ அல்பத்தைப் பதிந்ததும் இதே மனிதர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒரே கை தெரியும்: கூட்டம் பின்னால், வாசிப்பவர்கள் முன்னால், யாரும் யாரையும் மூடவில்லை.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. அந்தச் சுற்றுப்பயணம் 1984 ஓகஸ்டில் போலந்தில் தொடங்கி ஏறத்தாழ 11 மாதம் ஓடியது. லோங் பீச்சுக்கு வரும்போது பாடகர் புரூஸ் டிக்கின்சனின் தொண்டை களைத்துப் போயிருந்தது, சில உச்ச இடங்களில் எட்டிப் பிடிக்கக் கஷ்டப்படுகிறார். நண்பன் ஒவ்வொரு முறையும் கை வைப்பது அங்கேதான். எனக்கோ அந்தக் கஷ்டம் கேட்கிறது என்பதே பிடிக்கும், லைவ் என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

அவன் கட்சி வேறு. 2007 மார்ச் 17ஆம் திகதி மெய்டன் பெங்களூரில், பேலஸ் மைதானத்தில் வாசித்தபோது அவன் அங்கே நின்றவன். சென்னை வரை விமானம், அங்கிருந்து இரவு ரயில். எனக்கு அந்த மாதம் பரீட்சை. திரும்பி வந்து ஒரு கிழமையாகக் கதைத்தான், அதில் மேடையைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெடியன் தோளில் கை போட்டது, சொல்லே இல்லாத கிட்டார் மெட்டை அத்தனை பேரும் சேர்ந்து பாடியது, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் ‘ரொக் இன் ரியோ’ என்று பிடிவாதமாக நிற்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. 2001 ஜனவரி 19, ரியோ டி ஜெனீரோ, சுமார் இரண்டரை லட்சம் பேர். ‘ஃபியர் ஒஃப் த டார்க்’ தொடக்கத்தில் அந்த மெட்டைக் கூட்டம் பாடுவது கிட்டாரை விழுங்கிவிடும். நான் அதைக் குறை என்பேன். அவனுக்கு அதுதான் பாட்டே. அவன் கூட்டத்துக்குள் நின்று கேட்டவன், நான் அறைக்குள் ஹெட்போனில் கேட்டவன்.

ஆனால் ஓர் இடத்தில் அவனுக்கு நான் முழுதாக விட்டுக்கொடுக்கிறேன். புரூஸ் இல்லாத காலத்தில் பிளேஸ் பெய்லி பாடிய ‘சைன் ஒஃப் த குரொஸ்’, ‘த கிளான்ஸ்மன்’ இரண்டையும் ரியோவில் புரூஸ் பாடுகிறார். பிளேஸைக் குறைத்துச் சொல்லவில்லை, 1995இலும் 1998இலும் வந்த அந்த ஸ்டூடியோ அல்பங்களில் குரல் மட்டுமல்ல, சத்தமே காய்ந்து கிடந்தது. ரியோவில் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்து, டேவ் மரே, ஜனிக் கெர்ஸ் என்று மூன்று கிட்டார். ‘கிளான்ஸ்மன்’ மெதுவாகத் தொடங்கி மூன்றும் ஒன்றாக ஏறும்போது பாட்டு இப்போதுதான் பிறந்த மாதிரி இருக்கும். இதைப் போல ஒன்று ‘லைவ் ஆஃப்டர் டெத்’தில் இல்லை. அங்கே இருந்த நல்ல பாட்டை நன்றாக வாசித்தார்கள். இங்கே ஒரு பாட்டையே மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1993இல் ஒரே வருடத்தில் மூன்று லைவ் அல்பம் விட்டார்கள், அதில் டொனிங்டனில் பதிந்ததை மட்டும் அவ்வப்போது போடுவேன், மற்ற இரண்டும் எனக்கு வறண்டு கேட்கும். 2009இல் வந்த ‘ஃப்ளைட் 666’இல் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு நகரம், முதல் பாட்டு ‘ஏசஸ் ஹை’ மும்பை. கொழும்பில் இருந்து கேட்கும் நமக்கு, பக்கத்து ஊர்ப் பெடியன்களின் சத்தம் அந்தப் பதிவுக்குள் இருக்கிறது என்பதே ஒரு சந்தோஷம்.

வரும் ஞாயிறு அவன் வீட்டில். நல்ல ஸ்பீக்கர் அவனிடம்தான் இருக்கிறது. முதலில் அவனுடைய ‘கிளான்ஸ்மன்’, அதற்குப் பிறகு மாமா தந்த என்னுடைய சீடியில் நான்காவது பக்கம் முழுதாக, நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசியிருக்கிறோம்.