அர்ஜன்ட் கேரில் எச்.சி.ஏ. வேலை: இன்டர்வியூவும் கேர் சர்டிஃபிகேட்டும்

இங்கிலாந்தில் எச்.சி.ஏ., அதாவது நர்ஸுகளுக்கு உதவும் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "நர்ஸிங் படிக்கவில்லையே, எடுப்பார்களா?" என்றுதான். எடுப்பார்கள். பட்டம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆங்கிலமும் அடிப்படைக் கணக்கும் வேண்டும், குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சோதனை உண்டு, மற்றபடி பயிற்சி அவர்களே தருவார்கள். ஆனால் விளம்பரத்தில் சம்பளப் படி பேண்ட் 2 என்று இருக்கிறதா 3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பணி விவரங்களைத் திருத்திய பிறகு, குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது போன்ற பராமரிப்பு பேண்ட் 2, ஆப்ஸ் (நாடி, இரத்த அழுத்தம் போன்ற அளவுகள்) எடுப்பது, இரத்தம் எடுப்பது, இ.சி.ஜி. போன்றவை பேண்ட் 3 என்று ஓரளவு தெளிவாகிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும் உடனே பார்க்க வேண்டியவர்கள் வரும் அர்ஜன்ட் கேரில் நாள் முழுக்க இரண்டாவது வகை வேலைதான், அதனால் பேண்ட் 2 சம்பளத்துக்கு அதைச் செய்யச் சொன்னால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்டர்வியூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரத்தோடு பர்சன் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது ஆளிடம் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் எழுதுங்கள், கடை வேலையோ வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொண்டதோ எதுவாயிருந்தாலும் சரி. கேர், கம்பாஷன் என்று சி-யில் தொடங்கும் ஆறு நர்ஸிங் பண்புகளை, அதாவது ஆறு சி-க்களை, எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கேள்வி கேட்பவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: உங்களுக்குச் சரியாகப் படாத ஒன்றைக் கண்டால் யாரிடம் போய், எவ்வளவு சீக்கிரம் சொல்வீர்கள்? கோபப்படும் நோயாளி, தவறு செய்யும் சக ஊழியர், காயத்தோடு வந்த குழந்தை என்று கேள்வி எப்படி வந்தாலும், "நானே சமாளிப்பேன்" என்ற பதில் எடுபடாது.

அப்புறம் கேர் சர்டிஃபிகேட், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி. 2015இல் 15 தரங்களோடு வந்தது, 2025இல் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பற்றிய 16ஆவது சேர்ந்தது. வழக்கமாக முதல் 12 வாரத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். ஆன்லைன் பாடங்களைச் சொடுக்கிக்கொண்டே போனால் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது, நீங்கள் வேலை செய்வதை ஒருவர் நேரில் பார்த்து உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் பார்க்கலாம் என்று விட்டால், அந்த சிஸ்டர் இரவு ஷிஃப்டுக்கு மாறியிருப்பார், நீங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்.

இனி நியூஸ் 2, அதாவது நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் அட்டவணை. இதை ஒழுங்காகப் படித்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. மூச்சு, ஆக்ஸிஜன், மேல் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, வெப்பநிலை என்று ஆறு அளவுகள், இயல்பிலிருந்து விலக விலகப் புள்ளி கூடும், வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கொடுத்தால் கூடுதலாக 2 புள்ளி. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டவணை கிடையாது. மெஷின் பெரும்பாலானதைச் சொல்லிவிடும், மூச்சை மட்டும் நீங்கள்தான் எண்ண வேண்டும். இங்கேதான் ஊர் உலகமெல்லாம் ஏமாற்றுகிறது! எந்த சார்ட்டைத் திறந்தாலும் 16, 18 என்றே இருக்கும், ஏதோ எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு மூச்சு விடுவது போல.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 68 வயதுக்காரர், இரண்டு நாளாக இருமல். நாடி 112, அதற்கு 2. வெப்பநிலை 38.4, அதற்கு 1. ஆக்ஸிஜன் 94, அதற்கு 1. அழுத்தம் 118, நன்றாகப் பேசுகிறார், இரண்டுக்கும் பூஜ்யம். மூச்சை 18 என்று குத்துமதிப்பாக எழுதினால் மொத்தம் 4, காத்திருப்பு அறையில் உட்காரட்டும் என்று விட்டுவிடுவார்கள். உண்மையிலேயே எண்ணினால் 24, அதற்கு 2, மொத்தம் 6. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் அவசரமாகப் பார்த்தாக வேண்டும், செப்சிஸாக (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இருக்குமோ என்று யோசித்தாக வேண்டும். மனிதர் ஒருவர்தான், எண்ணியதும் எண்ணாததும் மட்டுமே வித்தியாசம். மூச்சை எண்ணப்போகிறேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் உடனே மாற்றி மூச்சு விடுவார். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைக் கவனித்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால் தவறாகக் காட்டும். நம்மைப் போன்ற கருத்த தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு. ஆள் திணறுகிறார், மீட்டர் 97 என்கிறது என்றால் ஆளை நம்புங்கள்.

இ.சி.ஜி. பயிற்சியில் எல்லோரும் பயப்படுவது வயர்களுக்கு. கை கால் வயர்களை சிக்னல் விளக்கு மாதிரி நினைவில் வையுங்கள்: வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, மிச்சமிருக்கும் கறுப்பு வலது காலுக்கு. நெஞ்சில் வி1, வி2 இரண்டும் நான்காம் விலா இடைவெளியில், நடு நெஞ்செலும்பின் இரு பக்கமும். பலர் ரொம்ப மேலே ஒட்டிவிடுகிறார்கள், விரலால் தடவி எண்ணிப் பாருங்கள். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். எடுத்த தாளை ட்ரேயில் வைத்துவிட்டுப் போகாமல் டாக்டர் கையில் கொடுத்து, அவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை நில்லுங்கள். அர்த்தம் சொல்வது உங்கள் வேலை இல்லை, நோயாளி கேட்டாலும் சொல்லக்கூடாது.

மற்றவை தானாகப் பழகிவிடும். சிறுநீர் ஸ்ட்ரிப்பைச் சொன்ன நேரத்தில் படிக்கக் கடிகாரத்தைப் பாருங்கள், கண்ணில் அடிபட்டு வந்தால் வழக்கமாக முதலில் பார்வை அட்டை, இரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாய் கோடுவரை நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் தெரிந்ததால் வரும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் உங்களைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். "பிள்ளை, டொக்டரிட்ட நீயே சொல்லன், எனக்கு இங்கிலீஷ் வராது" என்பார்கள். தண்ணீர் வேண்டுமா, வலி எங்கே என்று தமிழில் கேளுங்கள், தவறில்லை. ஆனால் நோய் விவரமும் சம்மதமும் பேசும் இடத்தில் முறையான மொழிபெயர்ப்பாளர்தான் வர வேண்டும், சிஸ்டரிடம் அழைக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்ட அம்மாவுக்கு மனது நோகும்தான். அதே நேரம் குடும்பத்தார், "நேற்றுவரை நல்லாத்தான் கதைச்சவர், இப்ப என்னவோ மாறிக் கதைக்கிறார்" என்று சொன்னால் அதை உடனே போய்ச் சொல்லுங்கள். புதிதாக வந்த குழப்பம் ஒன்றுக்கே நியூஸ் 2இல் 3 புள்ளி.

இதிலேயே மேலே போக விரும்பினால் எச்.சி.ஏ.வுக்கும் நர்ஸுக்கும் இடைப்பட்ட நர்ஸிங் அசோசியேட் பயிற்சி இருக்கிறது, பொதுவாக இரண்டு வருடம், வேலை செய்துகொண்டே படிக்கலாம், முடித்தால் பேண்ட் 4. அதற்கு விண்ணப்பிக்கும்போது முன்பு வாங்கிய கையெழுத்துகளெல்லாம் உதவும், புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.