ராயபுரத்தில் கடைசி அக்டோபர்

அக்டோபர் 2, 2024

நீச்சல்குளத்து அண்ணன் தோஹாவுக்குப் போகிறார். டிரை பைக்கை, அதாவது டிரையத்லானுக்கென்றே செய்த சைக்கிளை, விற்கிறாராம். எண்பதாயிரம். 26-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் இன்றும் வந்து நின்றார். வீட்டைக் காலி செய்ய நவம்பர் 10, அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை.

அக்டோபர் 4

இரவு இரண்டு மணி. ஜனவரியில் ஸ்பிரிண்ட் டிரையத்லான் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தம்பியின் பழைய கியர் சைக்கிளில் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. ரோடு பைக், அதாவது வளைந்த கைப்பிடி வைத்த வேக சைக்கிள், வாங்கினால் 26 வரும் என்று வைத்துக்கொண்டேன். 20 கிலோமீட்டருக்கு 46 நிமிடம் 9 விநாடி. டிரை பைக்கில் குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டினால் 28 வரட்டும். 42 நிமிடம் 51 விநாடி. ஆக, மிச்சம் 3 நிமிடம் 18 விநாடி. இந்த 28-ஐ எங்கிருந்து எடுத்தேன் என்று என்னையே கேட்டால் பதில் இல்லை.

750 மீட்டரை நீந்த எனக்கு 24 நிமிடம் ஆகிறது. மூச்சை ஒழுங்காக விடப் பழகினாலே அந்த மூன்று நிமிடம் காசு செலவில்லாமல் கிடைத்துவிடும். ஆனால் மூச்சைக் கழுவித் துடைத்துக் கூடத்தில் நிறுத்தி அழகு பார்க்க முடியாதே.

அக்டோபர் 6

விமான சாகசம். கடற்கரைப் பக்கம் தலைவைக்கவே முடியாது என்பதால் பயிற்சி இல்லை. தெருவே எங்கள் மொட்டை மாடியில் நின்றது. ஐந்தாம் வீட்டுப் பாட்டியைக்கூட நாற்காலியோடு தூக்கிவந்துவிட்டார்கள். புது வீட்டில் மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருப்பார்களாம்.

அக்டோபர் 8

பெரம்பூர் போய்ப் பார்த்துவிட்டேன்.

கறுப்பு. சக்கரத்தின் விளிம்பு உள்ளங்கை அகலம், கார்பன், விரல் நுனியால் தட்டினால் காலி டப்பாவைப் போலச் சத்தம் வருகிறது. முழங்கையை வைக்க இரண்டு சிறு மெத்தைகள். அவற்றுக்கு முன்னால் நீளும் இரண்டு குழாய்கள், நுனியில் கியர். பிரேக் அங்கே இல்லை. பக்கவாட்டில் விரியும் வேறொரு கைப்பிடியில் இருக்கிறது. சீட் முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. சீட்டைத் தாங்கும் குழாய் ரோடு பைக்கில் 73 பாகை அளவில் சாய்ந்திருக்குமாம், இதில் 78. இடுப்பு முன்னால் வந்துவிடுவதால், அவ்வளவு குனிந்தாலும் முழங்கால் நெஞ்சில் இடிப்பதில்லை. இறங்கி ஓடும்போது தொடைக்கும் தெம்பு மிச்சம் இருக்கும் என்கிறார் அண்ணன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கிறது. இதற்கா எண்பதாயிரம்?”

அது சரியாக என் உயரத்துக்கு இல்லை என்று தோன்றியது. சீட்டை இறக்கினால் போயிற்று.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. சந்தனம் வைக்க எனக்கென்று சைக்கிள் இல்லை. அம்மா ஹெல்மெட்டுக்கு வைத்தாள். ஆட்டுக்கல்லுக்கு மாலை.

அக்டோபர் 13

ஞாயிறு என்பதால் எண்ணூர் விரைவுச் சாலை கொஞ்சம் மூச்சுவிடும் என்று நம்பி, அண்ணனிடம் சைக்கிளை இரவல் வாங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு ஐஸ் வண்டிகள். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, கடல். இடப்பக்கம் கண்டெய்னர் லாரிகள் அணைத்துப்போட்ட நிலையில் வரிசையாக நின்றன.

முழங்கையை மெத்தையில் வைத்ததும் காதுக்குள் இருந்த காற்றின் இரைச்சல் குறைந்தது. அதுவரை காற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. 31 காட்டியது. 31! தனியாக ஓட்டிக்கொண்டே சிரித்தேன்.

பிறகு இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் பல் துலக்கிக்கொண்டே சாலைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் குவளை. நான் பிரேக்கைப் பிடிக்க விரலை மடக்குகிறேன், அங்கே பிரேக் இல்லை. கையை எடுத்து, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருடைய வாயோரத்து நுரை வரைக்கும் தெரிந்துவிட்டது. மோதவில்லை. அவர்தான் ஒதுங்கினார். குவளைத் தண்ணீர் என் காலில் விழுந்தது.

திரும்பி வரும்போது கடல் பக்கமிருந்து காற்று. அகலமான விளிம்பு பாய்மரம் போல அதை வாங்கிக்கொண்டது. முன்சக்கரம் லாரிகள் பக்கமாகவே போகப் பார்த்தது. வீடு வரை பக்கவாட்டுக் கைப்பிடியை விடவில்லை. கழுத்து வலிக்கிறது.

31.

அக்டோபர் 15

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, தம்பி சைக்கிளைக் கட்டில்மேல் ஏற்றினோம். அலுவலகம் இல்லை. சுவரில் ஈரம் ஏறுவதை அம்மா திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள், இடிக்கப்போகிறவன் பாடு இனி.

அண்ணன் போனில் கதை சொன்னார். 1989, டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். கிரெக் லெமோண்ட் 50 விநாடி பின்தங்கியிருக்கிறார். டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திய நீட்டுக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு ஓட்டி, லோரான் ஃபினோனை 8 விநாடியில் முந்திவிட்டார். மூன்று வாரப் பந்தயத்தில் எட்டே விநாடி. கேட்கும்போது எனக்கும் சிலிர்த்தது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்: லெமோண்டுக்குச் சாலையை அடைத்துவிட்டிருந்தார்கள். பல் துலக்குகிறவர் யாரும் குறுக்கே வந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. ஆகஸ்டு மாதம் முழுக்க அலெக்ஸ் யீ பாரிசில் தங்கம் வாங்கியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேனே, அவர் ஓட்டியது வளைந்த கைப்பிடி வைத்த ரோடு பைக். ஒலிம்பிக்கில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம், அதனால் டிரை பைக்குக்கு அனுமதி இல்லை. கூட்டத்துக்குள் பிரேக்கை விட்டுக் கை தள்ளி இருப்பது ஆபத்து. எங்களைப் போன்றவர்களின் போட்டியில்தான் முன்னால் போகிறவரை ஒட்டக் கூடாது, எதிர்க்காற்றைத் தனியாகவே வாங்க வேண்டும், அங்கேதான் கொம்புக்கு வேலை. ஆனால் போட்டி ஒரு நாள். ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது பேரோடு நெருக்கிக்கொண்டு போக வேண்டுமே.

அக்டோபர் 16

கணேசபுரம் சுரங்கப்பாதை மூடியே இருக்கிறது. 31 என்று கனவு.

அக்டோபர் 19

புது வீடு, விம்கோ நகர். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. 51 படி. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். ஆட்டுக்கல்லை எப்படி ஏற்றுவது என்று கேட்டாள். ஏற்ற வேண்டாம் என்றேன். கீழே இறங்கும்வரை பேசவில்லை.

இங்கிருந்து பயிற்சிக்கு எப்படிப் போவது? ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலை, போர் நினைவுச் சின்னம், கடற்கரை என்று கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். இங்கே தெற்கே போனாலும் லாரி, மணலிக்குப் போனாலும் லாரி. மீஞ்சூர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனால் வண்டலூர் வெளிவட்டச் சாலை கிடைக்கும், அங்கே கொம்பை நீட்டலாம். அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் பிரேக் வேண்டும்.

அக்டோபர் 21

கடையில் என்னை நிற்கவைத்துக் கால் அளவு எடுத்தார்கள். என் உயரம் 161 சென்டிமீட்டர். எனக்குச் சரியான அளவு 50 என்றார் கடைக்காரர், சிலவற்றில் 49. அண்ணனின் சைக்கிள் என்ன அளவு என்று கேட்டார். 54 என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டினார்.

எனக்கு எட்டாம் தேதியே தெரியும். சைக்கிளின் சட்டத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன், இங்கே எழுதாமல் விட்டேன்.

சீட்டை இறக்கலாம், முன்னால் நீள்வதை என்ன செய்வது? ரோடு பைக்காவது மேலே பிடி, கீழே பிடி, பிரேக்மேல் பிடி என்று கொஞ்சம் மன்னிக்கும். முழங்கையை ஒரே இடத்தில் ஊன்றிக் கிடக்கும் சைக்கிளில் அளவு பிசகினால் கழுத்துதான் கூலி கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 24

31 ஆயிற்றே.

அம்மாவிடம் கத்திவிட்டேன். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினேழு.

அக்டோபர் 26

சொல்லிவிட்டேன். அண்ணன் கோபிக்கவில்லை, வேறொருவர் கேட்டிருக்கிறாராம், 178 உயரம். பொறாமையாக இருந்தது, சைக்கிளுக்கா உயரத்துக்கா தெரியவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. மொட்டை மாடியில் ஒரு பெட்டி புஸ்வாணம். ஐந்தாம் வீட்டுப் பாட்டி வரவில்லை.

நவம்பர் 3

ரோடு பைக். அலுமினியம், அளவு 50, டயர் 28 மில்லிமீட்டர், 62 ஆயிரம். பார்க்கக் கறுப்பாக இல்லை, ஒரு மாதிரிப் பச்சை. நீட்டுக் கைப்பிடியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம், கைப்பிடியின் நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டர், அதற்குப் பொருந்துவது எங்கும் கிடைக்கும் என்றார் கடைக்காரர். முதலில் ஆறு மாதம் ஓட்டுங்கள் என்றும் சொன்னார். ஓட்டிப் பார்த்ததில் மணிக்கு 27 தாண்டவில்லை.

நவம்பர் 8

பால் காய்ச்சினோம். ஆட்டுக்கல்லை மூன்று பேர் கயிறு கட்டி ஏற்றினார்கள், ஆளுக்கு ஐந்நூறு. குழவியை அம்மா தன் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். 51. திருப்பத்தில் பெடல் இடித்துச் சுவரில் புதுச் சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது, கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

நவம்பர் 9

அம்மா வளைந்த கைப்பிடியில் ஈரத் துண்டைக் காயப்போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. லாரிகள் எத்தனை மணிக்குக் குறையும் என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், அதற்கு முதலில் சுண்ணாம்பு விஷயத்தை