ஆரையம்பதி மாமாவும் ஸ்காபரோ வாள்களும்

மே மாதம் பிறந்தால் கனடாவின் ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பார்ப்பார்கள். நான் தேடுவது மரம் அறுக்கும் துருப்பிடித்த கைவாள்களை. ஐந்து, பத்து டொலருக்குக் கிடைத்துவிடும்.

வந்த புதிதில் இரவு வேலை, பனி, வாடகை என்றே காலம் போனது. கராஜ் உள்ள வீட்டுக்கு மாறிய பிறகுதான் மரவேலையில் கைவைத்தேன். கடையில் வாங்கிய புது வாள் சீக்கிரமே மழுங்கிவிட்டது. அதைத் தீட்டவும் வழியில்லை. இப்போது வரும் வாள்கள் பலவற்றில் பல் நுனியைச் சூடேற்றிக் கடினமாக்கிவிடுகிறார்கள். அந்த நுனி கறுத்திருக்கும், அரம் பிடிக்காது. மழுங்கினால் எறிய வேண்டியதுதான். மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஓடாவி வேலை, அதாவது தச்சுவேலை, செய்யும் மாமாவிடம் போனில் சொன்னேன். "அரம் பிடிக்காட்டி அது என்ன வாள் மனே? பழசு ஒண்டு தேடு" என்றார்.

தேடியதில் அகப்பட்டது ஒரு டிஸ்டன் டி-8. அதைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி டிஸ்டன் 1819இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1833இல், பதினான்கு வயதில், தந்தையோடு பிலடெல்பியாவுக்கு வந்தார். வந்த சில நாட்களிலேயே தந்தை இறந்துபோனார். வாள் செய்பவர்களிடம் தொழில் பழகி, 1840இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். இதை வாசித்த பிறகு அந்த வாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஊர்விட்டு வந்த பொடியன் ஒருவன் செய்த வேலை அல்லவா!

கைப்பிடியிலுள்ள பித்தளை வில்லையின் எழுத்தையும் அமைப்பையும் பார்த்து வாளின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கைப்பிடிக்குப் பக்கத்தில் அலகில் ஓர் எண் குத்தியிருக்கும். 8 என்றால் ஓர் அங்குலத்துக்குள் எட்டுப் பல்முனை, பெரும்பாலும் குறுக்கே அறுப்பதற்கு. 5 என்றால் நார் வாக்கில் கிழிப்பதற்கு.

துரு எடுப்பதில் அவசரம் கூடாது. மட்டமான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மெல்லத் தேய்க்க வேண்டும். அலகின் நடுவில் நிறுவனத்தின் பெயர் மெல்லிதாகப் பதிந்திருக்கும். கறுப்புக்குள்ளிருந்து அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்போது உண்மையிலேயே நெஞ்சு படபடக்கும். மின் கிரைண்டர் பிடித்தால் பெயரும் போய்விடும், அலகும் சூடேறிக் கெட்டுவிடும்.

அப்புறம் பல் தீட்டுவது. இங்கே காலை, அங்கே பின்னேரம். போனைச் சாத்தி வைத்துவிட்டு, அலகை இரண்டு பலகைக்கு இடையில் இறுக்கி, முக்கோண அரத்தால் ஒன்று விட்டு ஒரு பல்லாக ராவுவேன். மறுபாதியை மற்றப் பக்கமிருந்து. மாமா திரையைப் பார்ப்பதே இல்லை, காதைத்தான் கொடுப்பார். அரம் கீச்சிட்டால், "அலகு கனக்க வெளியே நிக்குது, இன்னும் இறக்கிப் பிடி" என்பார். இறக்கினால் சத்தம் தணிந்து, சர்ரென்று ஒரே சீராக வரும்.

சிலர் இந்த வாள்களைக் கண்ணாடி போல மினுக்கிச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலகில் கொஞ்சம் கருமை இருக்கட்டும், பல் கூராக இருந்தால் போதும். வாள் என்றால் மரம் அறுக்க வேண்டும்.

அந்த டி-8ஐ ஊருக்குப் போன பொதியில் வைத்து மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். முதிரை மரத்துக்கு இந்தப் பல்விரிவு, அதாவது பற்கள் இரு பக்கமும் வளைந்து நிற்கும் அளவு, கூடுதல் என்று சொல்லி, கொஞ்சம் குறைத்து, கோயில் வீதி வீடொன்றின் கதவு நிலைக்கு அதால்தான் அறுத்திருக்கிறார். இப்போது கிழிக்கிற வாள் ஒன்றும் வேண்டுமாம். 5 எண் போட்டதாக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.